காப்பிப்பொடி நிறச் சுவர்

"அம்மா, என் அறைக்குள்ள என்னால உட்கார முடியல," என்றார் மாசிலாமணி.

தையல்நாயகி அம்மாள் தன் ஆற்றங்கரைக் குடிசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயதில் அவரைவிட இளையவள். இருந்தாலும் தியானம் கற்றுத் தந்தவள், அதனால் அவருக்கு அம்மா.

அறைக்கு என்ன வந்தது என்று கேட்டாள்.

மாசிலாமணி சொன்னார். அவர் மனைவி பவளக்கொடி தினமும் சாயங்காலம் அந்த அறையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். தலை நிறைய எண்ணெய் வைக்கிறவள். தலை பட்ட இடத்தில் சுவரில் ஒரு கறை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பார்கள். மாசி பிறப்பதற்குள் கறை எட்டிப் பார்த்துவிடும். அதற்காக அவளை அவர் திட்டாத வருஷம் கிடையாது.

அவள் போய்ச் சேர்ந்தாள். கறை போகவில்லை.

தியானத்தில் உட்கார்ந்தால் கண் தானாகத் திறந்து அங்கேதான் போகும். உடனே அழுகை வரும். பற்றை விடச் சொன்னது நீங்கள்தானே என்று மனிதர் குறையும் பட்டுக்கொண்டார்.

அதனால் பெயிண்ட் கடைக்குப் போனார். எண்ணெய்க் கறையை அமுக்கும் நிறம் எது என்று விசாரித்தார். நாலு சுவருக்கும் காப்பிப்பொடி நிறம் பூசினார். ஜன்னலுக்குச் சந்தன நிறத் திரை, மூலையில் பித்தளை விளக்கு, புதுக் கோரைப்பாய். வந்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள்.

"கறை?"

"சுத்தமா போயிடுச்சும்மா. அவளையே பூசி அழிச்சிட்டேனோன்னு பயமா இருக்கு."

அம்மாள் கீரையை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

இருவரும் அறைக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெரிய புளியமரத்துப் பொந்துக்குள் புகுந்த மாதிரி இருந்தது. சுவர்கள் வெளிச்சத்தைக் குடித்துவிட்டு எங்கோ பின்னால் போய் நின்றன. அறை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

மாசிலாமணி விளக்கேற்றப் போனார். வேண்டாம் என்றாள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்தார்.

தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. பெயிண்ட் வாசனைக்கு அடியில் கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசனை வருவது போல அவருக்குப் பட்டது. பிரமையாகத்தான் இருக்கும். ஆனாலும் மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் போனதோ. அம்மாளின் வெளுத்த சேலை மட்டும் மங்கலாக நகர்ந்தது. சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். மெல்ல உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்க்கப் போனாள்.

"அங்க வேண்டாம்மா," என்றார் மாசிலாமணி. "அது அவ சாயுற இடம்."

அம்மாள் சாயாமல் நிமிர்ந்துகொண்டாள். எழுந்து தள்ளிப் போனாள்.

"எந்த இடம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

இருட்டில் மாசிலாமணியின் கை சுவரில் அந்த இடத்தை நோக்கி நீண்டது. கொஞ்சமும் தடுமாறவில்லை.