கவிழ்க்காத கிண்ணம்

“கனவுல அம்மா வந்தாங்க, ஆனி லா. என்னவோ சொன்னாங்க. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியல.”

லுண்டுப் இதைச் சொல்லிவிட்டு ஆனி சம்தெனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் ஜன்னலுக்கு வெளியே, பனிமூட்டத்தில் பாதி மறைந்த மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைசூருக்கு மேற்கே திபெத்தியர்களின் குடியிருப்பு ஒன்று. அதன் ஓரத்தில் பிக்குணிகளின் மடம். பிக்குணியை ஆனி என்பார்கள். மரியாதைக்கு ஒரு ‘லா’ சேர்த்துக்கொள்வார்கள்.

ஆனி சம்தென் குரு. வயது முப்பதைத் தாண்டிச் சில வருஷங்கள் இருக்கும். இந்தச் சோளக்காட்டிலேயே பிறந்தவர். பனி பெய்து பார்த்ததில்லை.

லுண்டுப் சீடர். அறுபதை நெருங்குகிறவர். பனியில் பிறந்தவர். மீசை முளைக்காத வயதில் மலையைக் கடந்து வந்தவர். குளிர்காலமானால் திருச்சிக்குப் போய் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்பார். திருச்சியில் ஸ்வெட்டர் விற்றுப் பிழைத்தவருக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்று அவரிடம் பொறுமை இல்லை.

“அம்மா எந்த மொழியில பேசினாங்க?” என்று கேட்டார் ஆனி சம்தென்.

“நம்ம மொழிதான். அதுதான் பயமா இருக்கு.”

“கையில என்ன இருந்தது?”

“யார் கையில?”

“அம்மா கையில.”

“கவனிக்கல. வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

“ஓ,” என்றார் ஆனி சம்தென்.

கனவைச் சொல்வதற்காக மட்டும் லுண்டுப் வரவில்லை. கொஞ்ச நேரம் ஜபமாலையை உருட்டிவிட்டு உண்மையான விஷயத்துக்கு வந்தார்.

மலைக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரில் அவருக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் லாக்யி. அவர் கிளம்பிய நாளில் அம்மாவின் முதுகில் துணியால் கட்டியிருந்த குழந்தை அவள். அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்ததே இல்லை. எப்போதாவது போனில் குரல் கேட்கும். அந்தப் பேச்சில் வானிலை மட்டும்தான் இருக்கும். வேறு யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது இரண்டு பக்கமும் தெரியும். அதனால் வானம் நன்றாக இருக்கிறதா, பார்லி விளைந்ததா, அவ்வளவுதான். மனசு சரியில்லை என்றால் மழை வரும்போல் இருக்கிறது என்பாள் லாக்யி. பாதி வருஷம் அந்த வீட்டில் மழை வரும்போல்தான் இருக்கும். மற்ற சேதிகள் எப்போதாவது எல்லை கடந்து வருகிறவர்கள் வாய்வழியாக வந்து சேரும்.

லாக்யிக்கு ஒரே மகள், நோர்சின். எழுத்துப் பழகும் வயதில் வேன் வந்து அவளைத் தூரத்து விடுதிப் பள்ளிக்கு ஏற்றிப் போனது. அந்த ஊரின் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் ஏற்றினார்கள். அங்கே எல்லாம் சீன மொழி. பாடம், பாட்டு, அதட்டல், எல்லாம். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையில் வைத்துத் தாய்மொழி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் ஓர் ஆசிரியர். ஒருநாள் அவரையும் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் கொண்டுவந்து விடவில்லை.

இப்போது நோர்சினுக்கு அம்மா பேசுவது பாதிதான் புரிகிறதாம்.

பௌர்ணமியன்று லாக்யி போன் செய்யப்போகிறாள். நோர்சின் விடுமுறைக்கு வந்திருக்கிறாள், பக்கத்தில் இருப்பாள். தாய்மாமனும் பெண்ணும் முதல் தடவையாகப் பேசப்போகிறார்கள். அவருக்குச் சீனம் தெரியாது. அவளுக்குத் திபெத்திய மொழி போய்க்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரிந்த தமிழும் கன்னடமும் அவளுக்கு எதற்கு?

“ஒரே ஒரு சொல் குடுங்க, ஆனி லா,” என்றார் லுண்டுப். “அதைச் சொன்னா அவங்களுக்கு எந்த ஆபத்தும் வரக்கூடாது. ஆனா அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் மறக்கக்கூடாது. நாம யாருங்கறது அதுல இருக்கணும். நீங்க இத்தனை வருஷம் படிச்சீங்களே, அதுல ஒரு சொல் கிடைக்காதா?”

ஆனி சம்தென் எழுந்தார். லுண்டுப்புடைய அங்கியின் நெஞ்சு மடிப்பைக் காட்டி, “உங்க கிண்ணத்தைக் குடுங்க,” என்றார்.

திபெத்தியர்கள் ஆளுக்கொரு கிண்ணம் வைத்திருப்பார்கள். பழைய ஆட்கள் அதை அங்கியின் மடிப்பில் போட்டுக்கொண்டே திரிவார்கள். ஒருவர் கிண்ணத்தில் இன்னொருவர் குடிப்பதில்லை. லுண்டுப் தன்னுடையதை எடுத்து நீட்டினார்.

ஆனி சம்தென் கெட்டிலிலிருந்து அதில் ஊற்றினார். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர். நம்மவர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள். ரசம் என்று நினைத்துக்கொண்டால் இரண்டாம் வாய் இறங்கும். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்தது. லுண்டுப் கையை நீட்டினார். ஆனி சம்தென் அதைக் கொடுக்காமல் ஜன்னல் மாடத்தில் வைத்தார்.

“போய்ட்டு வாங்க.”

லுண்டுப்புக்கு முகம் சுண்டிவிட்டது.

பயணம் கிளம்புகிறவருக்கு அப்படித்தான் செய்வார்கள். அவர் கிண்ணத்தை நிறைத்து, குடிக்க விடாமல், அவர் இடத்திலேயே வைத்துவிடுவார்கள். நீ வந்து குடி என்று அர்த்தம். இறந்து போனவருடைய கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். அதற்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

“நான் கிளம்பினப்ப அம்மாவும் இப்படித்தான் ஊத்தி வெச்சாங்க,” என்றார் லுண்டுப். “மரக் கிண்ணம். விளிம்புல என் பால்பல் கடிச்ச தடம் இருக்கும். அது எப்பவோ கவிழ்ந்திருக்கும், ஆனி லா. அம்மாவே போய்ட்டாங்க. அந்த வீட்டைப் பொறுத்தவரைக்கும் நான் செத்தவன். செத்தவன் ஒரு சொல் கேட்டா டீயை ஊத்தி ஜன்னல்ல வெக்கிறீங்க.”

“கவிழ்த்ததைப் பார்த்தீங்களா?”

“இல்ல.”

ஆனி சம்தென் மறுபடியும் மக்காச்சோளத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

லுண்டுப் கோபத்தோடு போய்விட்டார். அதன் பிறகு மடத்துப் பக்கமே வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து தானே ஒரு சொல்லைத் தேடினார். தெய்வத்தின் பெயர்களை எடுத்தார், அவை ஆபத்து. ஊர்ப் பெயரை எடுத்தார், அதை இப்போது வேறு பெயர் சொல்லி அழைக்கிறார்களாம். மலை, பனி, குதிரை என்று ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். எல்லாம் அவருக்குத்தான் இனித்தன. அந்தப் பெண்ணுக்கு அவை வெறும் ஓசையாக இருக்கும் என்று தோன்றியது. கடைசியில் ‘பனி’ என்பதையே வைத்துக்கொண்டார்.

பௌர்ணமியன்று மதியம் போன் வந்தது.

“வானம் நல்லா இருக்கு, அண்ணா,” என்றாள் லாக்யி.

“இங்கேயும்,” என்றார் லுண்டுப்.

பிறகு போன் கைமாறியது. ஒரு சிறிய மூச்சு கேட்டது. நோர்சின் ஏதோ சொன்னாள். கூழாங்கற்கள் உருளுவதுபோல் இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை. கனவில் அம்மா பேசியபோதும் அப்படித்தான் இருந்தது. லுண்டுப் வாயைத் திறந்தார். பனி என்ற சொல் வெளியே வரவில்லை. அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த மூன்றாம் ஆளுக்கும் அலுத்திருக்கும்.

அப்போது போனில் வேறொரு சத்தம் வந்தது.

கெட்டியான ஏதோ ஒன்று தாரையாக உயரத்திலிருந்து இறங்கியது. முதலில் ஆழத்தில் கேட்டது. பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறி மெலிந்தது. மரக் கிண்ணம் நிறையும்போது அப்படித்தான் கேட்கும். லுண்டுப் கண்ணை மூடிக்கொண்டார். இருட்டு வீடு, அடுப்பு, கதவிடுக்கில் வந்து விழும் பனித்தூள், எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தன. அது விளிம்பு வரை ஏறி, வழியாமல், நின்றது.

லாக்யி போனை வாங்கிக்கொண்டாள்.

“என்ன சத்தம்?” என்று கேட்டார் லுண்டுப்.

“டீ ஊத்துறா, அண்ணா. லீவுல வந்தா காலையிலயும் மதியத்துலயும் இது அவ வேலை. என்னை ஊத்த விடமாட்டா.”

“யாருக்கு?”



“விளிம்புல பல்லுத்தடம் இருக்கிற பக்கம் வழியும்,” என்றாள் லாக்யி. “அவ பார்த்துத்தான் ஊத்துறா. இங்க வானம் நல்லா இருக்கு, அண்ணா.”

போன் நின்றுவிட்டது.

லுண்டுப் அழுதார். திருச்சி வெயிலில், ஸ்வெட்டர் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும், அங்கே ஒவ்வொரு நாளும் அவருக்குத் தேநீர் ஆறிக்கொண்டு இருந்திருக்கிறது. அவர் குடிக்காத தேநீரை அம்மா கொட்டினாள், தங்கை கொட்டினாள், இப்போது பேச்சு மறந்துபோன ஒரு பெண் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறாள். அவர் அழுது முடிக்க வெகுநேரம் ஆனது.

அடுத்த நாள் காலை மடத்துக்குப் போனார். போகும் வழியில் கடைத்தெருவில் ஓர் இடத்தில் நின்றார்.

மடத்து ஜன்னலில் அவருடைய கிண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் கோபித்துக்கொண்டு போய் இத்தனை நாளாகியும் தேநீர் ஆறவில்லை. லுண்டுப் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“என்ன சொல் சொன்னீங்க?” என்று கேட்டார் ஆனி சம்தென்.

“ஒண்ணும் சொல்லல.”

“அம்மா கையில என்ன இருந்தது?”

“கெட்டில், ஆனி லா.”

ஆனி சம்தென் தலையை ஆட்டிக்கொண்டார்.

லுண்டுப் அங்கியின் மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சின்ன மரக் கிண்ணம். புத்தம் புதியது, மெருகு வாசனைகூடப் போகவில்லை. தன்னுடைய கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

“யாருக்கு?”

“நோர்சினுக்கு. வேன்ல ஏத்தினப்ப யாரும் அவளுக்கு ஊத்தி வெக்கல. அதுக்கு நேரம் குடுக்கலியாம்.”

ஆனி சம்தென் கெட்டிலை எடுத்தார். லுண்டுப் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். பார்த்துப் பார்த்து ஊற்றினார். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்தது.

“அவ எப்ப வருவா?” என்று கேட்டார் ஆனி சம்தென்.

ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மக்காச்சோளம், மடத்துப் பிரார்த்தனைக் கொடிகள், பாதை, எல்லாவற்றையும் பனிமூட்டம் மூடியிருந்தது.

“வானம் நல்லா இருக்கு, ஆனி லா,” என்றார் லுண்டுப்.