நல்லமுத்து வீட்டுப் பழைய சோறு

"என் வீட்டுல வந்து தங்குறவன் ஒருத்தனும் ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குறான் தாயி. ஏன்?"

வந்து நின்றதும் நல்லமுத்து இதைத்தான் கேட்டார். கும்பிடுகூட அப்புறம்தான் போட்டார்.

மரகதம் வாசலில் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயதாவது சின்னவள். மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. கோயிலுக்கு நடக்கிறவர்கள், சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள், கடைசி பஸ்ஸை விட்டவர்கள், யாரும் அங்கே தங்கலாம். காசு வாங்க மாட்டாள். ஜனங்கள் அவளைக் குரு என்றார்கள். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை, வேண்டாமென்று மறுத்ததும் இல்லை.

அவளைப் பார்த்துத்தான் நல்லமுத்துவும் தன் வீட்டைத் திறந்துவிட்டார். அதே வழியில் கீழே, காலையில் நடக்க ஆரம்பித்தால் உச்சிவெயிலுக்கு இங்கே வந்து சேரலாம், அவ்வளவு தூரம்.

புதுப் பாய் வாங்கிப் போட்டார். குளிக்க வெந்நீர் வைத்தார். செல்போன் சார்ஜ் போடச் சுவரில் பிளக் வைத்தார். மரியாதையிலும் குறை கிடையாது. ஆள் தலை தெரிந்ததுமே வாசலுக்கு வந்து, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று விசாரிப்பார்.

ஆச்சு என்பார்கள். வந்தவன் போனவன் எல்லாரும் ஆச்சு.

படுப்பார்கள். விடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் மனைவி செண்பகம் தினமும் வருகிறவர்களுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் அதையே தின்றார்கள். பழைய சோறு உடம்புக்கு நல்லது என்பார்கள். அப்படிச் சொல்கிறவன் தினமும் தின்று பார்க்கட்டும்.

உப்பு கூடிப்போச்சா என்று நல்லமுத்து ருசி பார்த்தார். இல்லை. டீக்கடையில் ஒருத்தன், சும்மா போடுற சோத்துல மயக்க மருந்து இருக்கும்னு பயப்படுறானுங்க என்று சொல்லிச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அதில்தான் அவருக்குத் தூக்கம் போனது.

நேற்று செண்பகம் முடிவாகச் சொல்லிவிட்டாள். அந்தம்மாகிட்டப் போய்க் கேட்டுட்டு வா. பதில் இல்லாமத் திரும்பி வந்தா பாயைச் சுருட்டிப் பரண்ல போட்டுடுவேன். என் வீட்டுல கை நனைக்காதவனுக்கு என் வீடு மட்டும் எதுக்கு, பஸ் ஸ்டாண்டு இருக்குல்ல.

எல்லாவற்றையும் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வீட்டை மூட அவருக்கு மனசில்லை. அதையும் சொன்னார்.

மரகதம் கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

விடியற்காலையில் கிளம்பின மனுஷன். வழியில் ஒரு டீ குடித்ததோடு சரி.

"ஆச்சு தாயி."

"சரி. அப்போ உள்ள வந்து படுங்க. வெயில் தாழட்டும்."

படுத்தார்.

அடுக்களையில் பந்தி நடந்தது. சைக்கிள்காரர்கள் இரண்டு பேர், கோயிலுக்கு நடக்கிற ஒரு அம்மா. கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய் போட்டது. வாசனை நேராக வந்து அவர் மூக்கில்தான் உட்கார்ந்தது. ஒருத்தன் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினான். அந்தச் சத்தம் அவருக்குச் சகிக்கவில்லை.

அந்த அம்மா, கூடத்துல படுத்திருக்கிறவர் சாப்பிடலையா என்று கேட்டது காதில் விழுந்தது.

மரகதம், அவர் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்காரு என்றாள்.

நல்லமுத்து துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். வயிறு அதுபாட்டுக்குக் கத்தியது. இன்னொரு தரம் கேட்டால் எழுந்துவிடலாம் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. இவள் என்ன பெரிய குரு என்று நினைத்தார். வீடு தேடி வந்தவனைப் பட்டினி போடுகிறவள்.

சாப்பிட்டவர்கள் இலையை எடுத்துப்போட்டுவிட்டுப் பின்பக்கம் போனார்கள். அதற்கு மேல் அவரால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"வர்றேன் தாயி."

"பதில் வேண்டாமா?"

"நீ எங்க சொன்ன?"

"சொன்னேனே அண்ணே. வயித்துல இறங்கலையா?"

ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில். அப்படியே நின்றார்.

அடுக்களையில் குழம்புச் சட்டி இன்னும் கழுவாமல் இருந்தது. மூடியிருந்தது. பக்கத்தில் சோற்றுப் பானை, அதுவும் மூடித்தான் இருந்தது.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. ஒரு ஆள். முதுகில் பெரிய பை, முழங்கால் வரைக்கும் புழுதி. உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. இங்க தங்க இடம் கிடைக்கும்னு கீழ சொன்னாங்க என்றான்.

"நீங்க போய்க் கவனிங்க அண்ணே. எனக்குக் கை வேலையா இருக்கு," என்றாள் மரகதம். அவள் கையில் ஒரு வேலையும் இல்லை.

நல்லமுத்து வாசலுக்குப் போனார். வாய் பழக்கத்தில் திறந்தது.

"வாங்க, சாப்..."

மூடிக்கொண்டார்.

அந்த ஆளைப் பார்த்தார். அந்த ஆளும் ஆச்சு என்று சொல்லத் தயாராகத்தான் நின்றான்.

நல்லமுத்து செருப்பைக் கழற்றினார். தொட்டியில் செம்பை முக்கி எடுத்து அவன் கையில் திணித்தார்.

"கை கழுவுங்க. இலை போட்டாச்சு."

உள்ளே மரகதம் இலை போட்டாள். இரண்டு.