நான்கு யானையும் பத்துக் கிளியும்

பூவானூர் அரசர் மகுடவர்மருக்குப் பரிசு கொடுப்பதில் ஒரு பைத்தியம். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. போன வருடம் ஒரு புலவருக்கு ஒரே ஒரு யானை கொடுத்தார். அது புலவரின் வீட்டுக் கூரையை முழுசாகத் தின்றுவிட்டது. பாவம், மழை வந்தால் அவர் இப்போது அதன் வயிற்றுக்கடியில்தான் ஒதுங்குகிறார்.

இந்த வருடம் அரசவைக் கோமாளி சாத்தனின் முறை. அவன் வீடே ஓர் அறைதான்.

"சாத்தா, உன் பரிசின் மதிப்பு இருபது" என்றார் அரசர். "யானைக்கு ஐந்து, கிளிக்கு இரண்டு. கூட்டினால் சரியாக இருபது வர வேண்டும்."

சாத்தனை எப்படியாவது ஒழித்துக்கட்டக் காத்திருந்த மந்திரி விடங்கர் எழுந்தார். "அரசே, இருபது வரும் இடங்களையெல்லாம் சபைத் தரையில் ஒரே நேர்கோடாக அவன் காட்டட்டும். சிம்மாசனத்திலிருந்து வலப்பக்கம் தள்ளிப்போகும் ஒவ்வொரு தரைக்கல்லுக்கும் ஒரு யானை, முன்பக்கம் தள்ளிப்போகும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கிளி. காட்டாவிட்டால் நான்கு யானை அவன் தலையில்!"

"காட்டிவிட்டால், கோட்டின் மேல் யார் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்துப் பரிசு அவருக்கு. இது என் ஆணை!" என்றார் அரசர்.

சாத்தன் தரைக் கற்களைப் பார்த்தான். ஓர் அறை, நான்கு யானை! ஒவ்வொரு கல்லாகக் கணக்குப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும். சட்டென்று அவன் முகம் மலர்ந்தது. கோட்டுக்கு இரண்டு முனை போதுமே!

"அரசே, நல்ல தடித்த கயிறு ஒன்று வேண்டும். மறுமுனையைப் பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். நம் மந்திரியாரை விட்டால் யார் இருக்கிறார்கள்?"

மந்திரிக்கு உச்சி குளிர்ந்தது. ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

"கிளியே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், மந்திரியாரே. இருபதும் யானைக்கே. எத்தனை யானை?"

"நான்கு."

"அப்படியானால் வலப்பக்கம் நான்காவது கல்லில் நில்லுங்கள். எனக்கு யானையே கிடையாது. இருபதும் கிளிக்கே. பத்துக் கிளி!" என்று சொல்லி, முன்பக்கம் பத்தாவது கல்லில் நின்று கயிற்றை விறைப்பாக இழுத்தான்.

அரசர் சிம்மாசனத்திலிருந்து குதித்தார். வலப்பக்கம் இரண்டு கல், அங்கிருந்து முன்னால் ஐந்து கல் நடந்தார். கயிறு காலில் தட்டியது.

"இரண்டு யானைக்குப் பத்து, ஐந்து கிளிக்குப் பத்து. இருபது! கோடு சரி!" என்று கைதட்டினார். "சாத்தனுக்குப் பத்துக் கிளி."

பிறகு கயிற்றின் மறுமுனையைப் பார்த்தார். பார்த்தவர் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"விடங்கருக்கு நான்கு யானை!"

"ஐயோ அரசே, நான் கயிற்றைத்தானே பிடித்தேன்!"

"அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மந்திரியாரே" என்றான் சாத்தன். "நான்கையும் கட்டி இழுத்துப் போக வேண்டாமா?"