வனராஜின் முந்நூறு ஏக்கர் கேபர்னே

சுருளிப்பட்டிப் பக்கம் வனராஜ் வாயைத் திறந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நம்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் சத்தத்தில் ஒரு நல்ல பொய் காதில் விழாமல் போய்விடக் கூடாதே என்றுதான்.

ஒன்பது வருஷம் பிரான்சில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன் என்பான். பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றில் அவனைத் தட்டும் கையுமாகப் பார்த்ததாகச் சொல்பவர்களும் ஊரில் உண்டு. எது எப்படியோ, அவன் அக்காள் அன்னமயிலுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. கூடப் பிறந்தது ஒரே தம்பி. அவன் சொன்னால் அவளுக்கு அது கல்வெட்டு.

அந்த அன்னமயிலின் புருஷன்தான் நம்ம பெத்தணசாமி. ஒன்றரை ஏக்கரில் பன்னீர்த் திராட்சைப் பந்தல். கல்யாணமான வருஷம் நட்ட கொடிகள், பதினெட்டு வருஷமாகக் குறை வைக்காமல் காய்க்கின்றன. பழம் வெட்டி முடித்ததும் பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து, கவாத்து பண்ணினால் நாலு மாசத்தில் மறுபடி பழம். மனுஷன் அதிகம் பேச மாட்டார். வீட்டில் எது கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை, ஏனென்றால் முடிவெடுப்பது அன்னமயில்.

போன மாசம் வனராஜ் ஒரு மினி வேன் நிறையக் கறுப்புப் பைகளில் நாற்று கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினான். “கேபர்னே சாவிஞோன்க்கா. ஒயினுக்குன்னே பொறந்த பழம். இந்தப் பன்னீரை அறுத்துப் போட்டுட்டு இதை நடுங்க. கம்பெனிக்காரன் வீடு தேடி வருவான்” என்றான். அன்னமயில் சரி என்றாள். பெத்தணசாமி பார்க்கலாம் என்றார்.

பார்க்க வேண்டிய நாள் இன்றைக்கு வந்துவிட்டது. காலையில் கடைசிக் கொத்தையும் வெட்டியாயிற்று. கவாத்துக் கத்தரிக்கோல் இருக்க வேண்டிய இடத்தில் மரம் அறுக்கும் மிஷினோடு மொக்கையன் உட்கார்ந்திருந்தான். கூலிக்கு வந்த கிழவி வீருச்சின்னம்மாள் கொத்துகளில் சொத்தைப் பழத்தைக் கழித்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தரிக்கோலுக்கும் சரி, வாய்க்கும் சரி, சொத்தை எது என்று உடனே தெரிந்துவிடும்.

பெத்தணசாமி பந்தலை அண்ணாந்து பார்த்தார். அடித்தூர் ஒவ்வொன்றும் தொடை கனம் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. எதிரே அன்னமயில் நின்றாள். வந்த வாய் போய்விட்டது.

“மிஷினைப் போடவாண்ணே?” என்றான் மொக்கையன்.

“இருப்பா. நட்டதுக்கு அப்புறம் பார்த்துக்கப் போறது நாந்தானே. அந்தக் கேபர்னே எப்படின்னு மாப்ள ஒரு வார்த்தை சொல்லட்டும், தெரிஞ்சுக்கிறேன்” என்றார் பெத்தணசாமி.

வனராஜ் ஒரு வார்த்தை சொல்கிற ஆளா? காலிப் பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

“மச்சான், நான் வேலை பார்த்த தோட்டம் ஒரே வளைசலா முந்நூறு ஏக்கர். அம்புட்டும் கேபர்னே. பந்தல் கிந்தல் கிடையாது. கொடி இடுப்பு ஒசரத்துக்கு மிளகாச் செடி கணக்கா வரிசையா நிக்கும். பழத்தோலு செருப்புத் தோலு கனம். அதுல ஒயின் போட்டா அப்படி ஒரு துவர்ப்பு. ஓக்கு மரப் பீப்பாயில பத்து வருசம் ஊறினாத்தான் மனுசன் வாயில வைக்க முடியும். ஒருத்தன் அவசரப்பட்டு மூணாம் வருசமே குடிச்சுட்டான். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருச்சு. பதினோரு நாளு பேச்சில்ல. அதுலருந்து அந்த ஊருப் பஞ்சாயத்துல ரெண்டு பக்கத்துக்காரனுக்கும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊத்திருவாய்ங்க. சத்தமே இல்லாம தீர்ப்பு முடிஞ்சிரும்.”

“ஒனக்கு ஒரு கிளாஸ் ஊத்தாம அனுப்பிவிட்டாய்ங்களே பாவிப்பயலுக” என்றாள் வீருச்சின்னம்மாள், கொத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நான் பீப்பாயோட குடிச்சவன் ஆத்தா. நம்மளை ஒண்ணும் பண்ணல.”

“தெரியுது.”

மொக்கையன் மிஷின் கயிற்றைப் பிடித்தான். “போடவா?”

“ஒரே பழம்தானா மாப்ள அங்க?” என்றார் பெத்தணசாமி அவசரமாக.

“ஒண்ணா? பக்கத்துத் தோட்டத்துல பினோ நுவார். அது ரொம்ப ரோசக்காரப் பழம் மச்சான். தோலு வெங்காயச் சருகைவிட மெல்லிசு. தும்முனா வெடிச்சிரும். அந்தத் தோட்டத்துக்குள்ள செருப்புப் போடக் கூடாது, சத்தமாப் பேசக் கூடாது. அந்தத் தோட்ட முதலாளியோட மருமகன் கொஞ்சம் ஓங்கிச் சிரிப்பான். பழம் பழுக்கிற மாசம் அவனைப் பொண்டாட்டியோட அவய்ங்க ஊருக்கே அனுப்பிச்சிருவாய்ங்க. ஒரு வருசம் வெயிலே இல்ல, பழம் பழுக்க மாட்டேன்னு அடம் பிடிக்குது. முதலாளி வந்து என் கையைப் பிடிச்சாரு. நான் வரிசைக்கு ஒரு தடவை நின்னு, எங்க ஆத்தா எனக்கும் அக்காவுக்கும் பாடுன தாலாட்டைப் பாடினேன். நாலே நாளு. கொத்துக் கொத்தா கறுத்திருச்சு.”

“நம்ம ஆத்தா பாட்டா?” என்றாள் அன்னமயில். குரல் குழைந்தது.

“அந்தப் பாட்டுத்தான்க்கா. அதுல என்னா வினைன்னா, பழகிருச்சு. மறு வருசம் நான் லீவுல ஜெர்மனிக்குப் போயிருந்தேன். முதலாளி போனைப் போட்டு, போனைக் கொடிகிட்ட வச்சுட்டாரு. மூணு மணி நேரம் ரோட்டோரம் நின்னு பாடினேன். அந்த வருசத்து ஒயினைக் குடிச்சவனெல்லாம் ரெண்டாவது மடக்குலயே தூங்கிட்டான்.”

வீருச்சின்னம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “ஜெர்மனிக்கு எதுக்குப் போன?”

கேட்டிருக்கக் கூடாது.

“ரீஸ்லிங் பார்க்கப் போனேன் ஆத்தா. வெள்ளை ஒயின். அது வயசாக வயசாக மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். நெசமாத்தான் சொல்றேன், வேணும்னா வெவரம் தெரிஞ்ச யாரையும் கேட்டுப் பாருங்க. நான் போன வீட்டுல முப்பது வருசத்து ரீஸ்லிங் இருந்துச்சு. அன்னைக்குன்னு பார்த்து அவய்ங்க டிராக்டர் நடு உழவுல டீசல் இல்லாம நின்னுபோச்சு. நான் ஆறு பாட்டிலை டேங்குல ஊத்தினேன். வண்டி கிளம்புச்சு பாருங்க, நாப்பது ஏக்கரை ஒரே மூச்சுல உழுதுட்டுத்தான் நின்னுச்சு.”

“நேராவா உழுதுச்சு?” என்றான் மொக்கையன். அவனுக்கு மிஷின் சம்பந்தப்பட்டதில் மட்டும் அக்கறை.

வனராஜ் கொஞ்சம் யோசித்தான். “நேரான்னு சொல்ல முடியாதுப்பா. குடிச்ச வண்டிதானே.”

அன்னமயில் சிரித்தாள். பெத்தணசாமி சிரிக்கவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இழுத்தடித்தாலும் நாளைக்கு மொக்கையன் மறுபடி வருவான். மச்சினன் கதையில் எங்காவது ஒரு பிடி கிடைக்காதா என்று அவர் மனசு தவித்தது. பொய் என்று சொல்லிப் புண்ணியமில்லை. சொன்னால் அன்னமயில் தம்பி பக்கம் சாய்ந்து, தானே அந்த மிஷினை இழுத்துவிடுவாள்.

“நம்ம ஊரு கவாத்தை அவய்ங்களுக்குக் காட்டிக் குடுத்தியா மாப்ள?” என்று கேட்டு வைத்தார்.

“அதைக் கேளுங்க! அங்க வருசத்துக்கு ஒரே வெள்ளாமைதான் மச்சான். புரட்டாசில வெட்டுவான், அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். எனக்குப் பொறுக்கல. எங்க முதலாளி தன் பொண்ணு கல்யாணத்துக்குப் போன நேரமாப் பார்த்து, ஓரமா மெர்லோங்கிற பழம் போட்டிருந்த நாலு ஏக்கரை நம்ம கம்பம் ஊருக் கவாத்து அடிச்சு, தளிர் விடக் கணுவுக்குக் கணு பூண்டு அரைச்சுத் தடவிட்டேன். கொடி பாவம், பனியில நிக்கிறதை மறந்துருச்சு. நாலாம் மாசம் பழம்! பனி முழங்காலுக்கு மேல. ஆளுக்கு ரெண்டு கம்பளி போத்திக்கிட்டு வெட்டினோம். ஒரே வருசத்துல மூணு வெள்ளாமை. பாட்டில்ல வருசம் ஒட்டுறது அங்க சட்டம். ஒரு வருசத்துக்கு மூணு ஒயின் வந்தா என்னான்னு ஒட்டுவான்? கடைசில நாந்தான் வழி சொன்னேன். தை மெர்லோ, வைகாசி மெர்லோ, புரட்டாசி மெர்லோன்னு தமிழ்லயே ஒட்டினாய்ங்க.”

“அந்தப் பூண்டு வாசம்?” என்றாள் வீருச்சின்னம்மாள்.

“அது ஒயின்ல இறங்கிருச்சு. வைகாசி மெர்லோவை அவய்ங்க சோத்துல ஊத்திப் பெசஞ்சு சாப்பிட்டாய்ங்க.”

“ரசத்துக்குப் பாட்டில் எதுக்குடா” என்று அவள் மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள்.

மொக்கையன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். “பொழுது போகுதுண்ணே. எந்த ஓரத்துலருந்து ஆரம்பிக்க?”

பெத்தணசாமி வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். பன்னீர் வாசம் மூக்கில் ஏறியது. அப்போதுதான் அவருக்கு அந்தப் பிடி கிடைத்தது.

“ஏன் மாப்ள,” என்றார் மெதுவாக. “நீ பிரான்சுக்குப் போனப்ப ஒங்கக்கா நம்ம பழம் ரெண்டு கிலோ ஓலைப்பெட்டியில கட்டிக் குடுத்துச்சுல்ல. பஸ் ஸ்டாண்டுல அழுதுக்கிட்டே குடுத்துச்சு. இம்புட்டுப் பெரிய பழக்காரய்ங்க நடுவுல அந்தப் பெட்டியைத் திறந்தப்ப சிரிச்சிருப்பாய்ங்களே? ஒனக்கு அவமானமாப் போயிருக்கும்.”

வனராஜுக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. அவமானம் என்ற சொல்லை அவன் கதைகளில் இதுவரை யாரும் உள்ளே விட்டதில்லை.

“சிரிச்சாய்ங்களா? யாரு? மச்சான், ஒங்களுக்கு வெவரம் தெரியாது! அந்தப் பழத்தை நான் பெட்டியிலேயே காலால மிதிச்சு, வெந்நி பிளாஸ்குல ஊத்தி, கட்டிலுக்கடியில நாப்பத்தோரு நாள் வச்சிருந்தேன். அந்தச் சமயம் அங்க பெரிய ஒயின் போட்டி. நாப்பது ஜட்ஜு. எல்லாரு கண்ணையும் துணியால கட்டியாச்சு. கேபர்னே வந்துச்சு, ஷிராஸ் வந்துச்சு, ஷார்டொனே வந்துச்சு. குடிக்கிறான், கொப்புளிக்கிறான், துப்புறான். குடிச்சுத் துப்புறதுதான் அங்க மரியாதை. கடைசியில நான் பிளாஸ்கு மூடியைத் திறந்தேன்.”

“திறந்ததும்?” என்றாள் அன்னமயில்.

“ரோசாப்பூ வாசம்க்கா! மண்டபம் பூராவும் கல்யாண வீடு. நாப்பது பேரும் கண்ணுக்கட்டை அவுத்து எறிஞ்சுட்டாய்ங்க. எவனும் துப்பல. ஒருத்தனாச்சும் துப்பணுமே! பெரிய ஜட்ஜு ஒருத்தரு, எண்பது வயசு, ஒரு மடக்குக் குடிச்சாரு. ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுட்டு, ‘இது எந்தப் புண்ணியவதி கையால பறிச்ச பழம்’னு அழுதாரு. எங்கக்கான்னேன். அந்த வாசத்துக்கு ஸ்பெயின்லருந்து தேனீ கெளம்பி எல்லையைத் தாண்டி வந்துருச்சு. ரெண்டு நாட்டுக்கும் பேச்சுவார்த்தை நடந்துச்சு.”

அன்னமயில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த இரண்டு கிலோவை அவள்தான் விடியற்காலையில் பார்த்துப் பார்த்துப் பறித்தாள், மூன்றாவது வரிசையில்.

“அப்ப ஒங்க முதலாளி என்னா சொன்னாரு?” என்றார் பெத்தணசாமி.

“அவரா? மறுநாளே முந்நூறு ஏக்கர் கேபர்னேயையும் வேரோட பிடுங்கிப் போடச் சொல்லிட்டாரு. ‘இந்தப் பன்னீர் இருக்கையில இந்தக் குப்பை எதுக்கு’ன்னாரு. நாந்தான் முன்னுக்க நின்னு பிடுங்கினேன்.”

“பிடுங்கினதை எங்க போட்டீங்க?”

வனராஜ் வாயைத் திறந்தான். அந்த வாய் முதல் தடவையாகச் சும்மா திறந்திருந்தது.

வீருச்சின்னம்மாள் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள். “எங்கயும் போடல போல. பத்திரமா நம்ம கிணத்தடியில இறக்கிருக்கான்.”

அன்னமயில் தம்பியைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். பிறகு பைகளைப் பார்த்தாள். “ஏன்டா, அவய்ங்களே வேணாம்னு பிடுங்கிப் போட்டதையா என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த? எண்பது வயசு மனுசன் அழுத பழத்தையா என்னைய அறுக்கச் சொன்ன?”

“இல்லக்கா, அது வந்து... அம்புட்டுத் தூரம் ஒண்ணும் நடக்கல...”

“ஜட்ஜு அழுகலையா?”

வனராஜ் கணக்குப் போட்டான். இல்லை என்றால் ஒன்பது வருஷமும் போச்சு. ஆமாம் என்றால் ஒரு மினி வேன் நாற்றும் போச்சு. நல்ல மனசுக்காரன், அக்காள் கண்ணில் இருந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு, “அழுதாரு” என்றான்.

“மொக்கையா, மிஷினை எடுத்துக்கிட்டு நீ கிளம்பு. என்னங்க, கவாத்துக்கு ஆள் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அன்னமயில் மூன்றாவது வரிசைப் பக்கம் போனாள்.

“பார்க்கலாம்” என்றார் பெத்தணசாமி. அதற்குள் கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது.

வனராஜ் கூடையிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்தான். குரலை இறக்கினான். “மச்சான், உங்களுக்காவது தெரியுமில்ல? அந்தத் தேனீ, ஜட்ஜு, முந்நூறு ஏக்கரு... அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது மச்சான்.”

பெத்தணசாமி ஒரு பழத்தை வாயில் போட்டு, நிதானமாக மென்று, கொட்டையைத் துப்பாமல் விழுங்கினார்.

“நான் ஒரு வார்த்தை விடாம நம்பிட்டேன் மாப்ள. நீதான் இப்ப நம்ப மாட்டேங்குற.”