ஐந்தாவது விரல்

கலைக்கூடத்தில் தரை துடைக்கும் செங்கமலத்தைத் திருடி என்று சொல்லி, அத்தனை பேர் பார்க்கச் சேலையை உதறவிட்டுச் சோதித்தார்கள். என்ன நியாயம் இது? கனவில் வருவதுபோல விசித்திர உருவங்கள் வடிக்கும் சர்ரியலிசச் சிற்பி ஒருவர் செய்த வெண்கலக் கையை, வாங்கி ஒரு வருஷம் கழித்து அன்றுதான் முதலாளி தணிகாசலம் உற்றுப் பார்த்திருக்கிறார். நாலே விரல்!

"சாயங்காலத்துக்குள்ள அஞ்சாவது விரல் இங்க வரணும். இல்லேன்னா ஜெயில்தான்டி உனக்கு."

செங்கமலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒரே அச்சுல எட்டே எட்டுதான் வார்த்தாங்கன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் பெருமையடிக்கிறீங்களே சார், உங்க மேசை மேல இருக்கற புஸ்தகத்துல எட்டுக்கும் படம் இருக்கு. எல்லாத்துலயும் விரலை எண்ணிப் பாருங்க. மத்த ஏழு கையும் இருக்கற ஊருக்கெல்லாம் நானா போய் உடைச்சுட்டு வந்தேன்?"