மகாராஜாவுக்குப் பதில் பிச்சாண்டி

வெண்ணெய்க்கோட்டை ராஜா திரிபுவன பூபதிக்கு நாடு சின்னது, வயிறு பெரிசு. வாசலில் முதலில் வயிறு வரும். கொஞ்சம் பொறுத்து ராஜா வருவார்.

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம். பட்டமேற்ற நாள் வரும்போதெல்லாம் பாட்டனார் காலத்துப் பொன்கச்சையை இடுப்பில் பூட்டிக்கொண்டு ராஜா சபையில் நிற்க வேண்டும். போன வருஷம் கச்சை எட்டவில்லை. நடுவில் மாட்டுக்கயிற்றைக் கொடுத்து, மஞ்சள் தடவி ஒப்பேற்றினார்கள். ராஜா ஒரு தும்மல் போட்டார். கயிறு அறுந்தது. கச்சை பறந்துபோய்ப் பக்கத்து நாட்டுத் தூதர் மூக்கில் அடித்தது! பத்துக் குடம் நெய் அனுப்பிச் சமாதானம் செய்தார்கள். இன்னொரு தடவை பறந்தால் படைதான் வரும்.

வைத்தியர் வந்தார். "தினமும் விடிந்ததும் கோட்டையை மூன்று சுற்று ஓட வேண்டும். ஐம்பது தோப்புக்கரணம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். ஒரு நாளும் விடக்கூடாது" என்றார்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நானா ஓடுவது? பெரிய ஏரியை வெட்டியது யார்?"

"தாங்கள்தான் மகாராஜா!" என்றது சபை.

"நான் மண்வெட்டியைத் தொட்டேனா?"

"இல்லை மகாராஜா!"

"கல்வெட்டில் யார் பேர்?"

"தங்கள் பேர்!"

"அதே மாதிரிதான் இதுவும். எவனாவது ஓடட்டும். நான் இளைக்கிறேன்."

சபை கைதட்டியது. மூளையை அடகு வைத்த சபை, வேறென்ன செய்யும்!

தளவாய் ஆனையப்பன் எழுந்தார். விகடம் பேசும் பிச்சாண்டியைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மகாராஜா, பிச்சாண்டி ஓடட்டும். மண்டலம் முடிந்து கச்சை பூட்டாவிட்டால் அவன் மீசையை வழித்துக் கழுதைமேல் ஏற்றுவோம்."

பிச்சாண்டி ஈர்க்குச்சி மாதிரி ஆள். உடம்பில் எடை என்று சொல்ல அந்த மீசை ஒன்றுதான். பன்னிரண்டு வருஷமாக நெய் பூசி வளர்த்தது. பாவம், தடவிக்கொண்டே கேட்டான்: "உத்தரவை ஓலையில் எழுதித் தருவீர்களா?"

எழுதினார்கள். 'மண்டலம் முடியும் நாள் அந்திவரை, மகாராஜாவுக்குப் பதில் பிச்சாண்டி.' ராஜமுத்திரையும் விழுந்தது. முத்திரை விழுந்த ஓலையைக் குறித்த நாளுக்கு முன் கிழித்தால் ராஜவாக்கு பொய்த்துப்போகும்.

மறுநாள் காலையில் பிச்சாண்டி மூன்று சுற்று ஓடிவிட்டு, மூச்சிரைக்க ராஜாவின் கட்டிலருகே வந்து நின்றான்.

"மகாராஜா, ஓடிவிட்டீர்கள்!"

ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். "வியர்த்ததா?"

"தொப்பலாக நனைந்துவிட்டீர்கள்."

"அடடா! அவ்வளவு உழைத்தால் பசிக்குமே!" என்று இரண்டு பங்கு பணியாரம் சாப்பிட்டார்.

ஒரு வாரம் இப்படியே போனது. ராஜாவின் வயிறு இரண்டு விரற்கடை ஏறியது. பிச்சாண்டி கண்ணாடியில் மீசையைப் பார்த்துக் கண்கலங்கினான். அப்புறம் ஓலையை எடுத்து ஒரு தடவை நிதானமாகப் படித்தான். சிரித்தான்.

எட்டாம் நாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். தட்டு காலி.

"எங்கேடா பணியாரம்?"

"சாப்பிட்டுவிட்டீர்கள் மகாராஜா!" என்றான் பிச்சாண்டி, வாயைத் துடைத்துக்கொண்டு. "பதினெட்டு. 'பிரமாதம்' என்றுகூடச் சொன்னீர்கள். ஓலையில் 'மகாராஜாவுக்குப் பதில்' என்றுதானே இருக்கிறது? ஓடுவதற்கு மட்டும் என்று இல்லையே?"

மீதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமெடுத்தான்.

"பிடியுங்கள் அவனை!" என்று ராஜா கத்தினார்.

"ஓலைப்படி அவரும் மகாராஜா," என்றான் காவல்காரன். "ராஜாவை ராஜா துரத்தினால் சேவகன் குறுக்கே வரலாமா?"

வேறு வழி? ராஜாவே துரத்தினார். கோட்டையைச் சுற்றிப் பிச்சாண்டி ஐம்பது வாழையிலைத் துண்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தான். எதனடியில் பணியாரம் என்று யாருக்குத் தெரியும்! ராஜா ஒவ்வொன்றுக்கும் குந்தினார், புரட்டினார், எழுந்தார், திட்டினார். ஐம்பதில் நாலில்தான் இருந்தது.

தினமும் இதே கூத்து. பிச்சாண்டியை முந்த வேண்டுமென்று ராஜா நாளுக்கு நாள் சீக்கிரமாக எழுந்தார். முதல் நாள் ஒரே சுற்றில் படுத்துவிட்டவர், மாதம் முடிவதற்குள் சேவலை எழுப்புகிற அளவுக்கு வந்துவிட்டார்.

நாற்பத்தைந்தாம் நாள் பிச்சாண்டிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. இலையுமில்லை, சட்டியுமில்லை. நொண்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், ராஜா தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார்!

"என்ன மகாராஜா, பணியாரம்கூட இல்லையே?"

"தெரியுமடா. விடிந்ததும் கால் தானாகப் புறப்பட்டுவிட்டது. 'படு' என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை" என்றார் ராஜா, வெட்கத்தோடு.

பட்டமேற்ற நாள் வந்தது. மண்டலமும் அன்றைக்குத்தான் முடிகிறது. தூதர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கச்சை 'டக்'கென்று பூட்டியது, இரண்டு விரல் நுழைய இடம் விட்டு! ராஜா வேண்டுமென்றே ஒரு தும்மல் போட்டார். கச்சை அசையவில்லை. தூதர் மூக்கை விட்டார்.

ஆனையப்பனுக்கு வயிறு எரிந்தது. "மீசை பிழைத்தது, சரி. நாற்பது நாள் ராஜபோஜனத்தைத் திருடித் தின்றானே! அதற்குத் தண்டனை வேண்டாமா? கழுதையை வாசலில் கட்டி வைத்திருக்கிறேன் மகாராஜா."

ராஜாவுக்கும் அந்தப் பணியாரங்களின் ஞாபகம் வந்தது. "ஆமாம், அந்தப் பதினெட்டை மறக்க முடியுமா? பிச்சாண்டி, ஏறடா கழுதைமேல்!"

பிச்சாண்டி மீசையை முறுக்கினான். மடியிலிருந்து ஓலையை எடுத்துத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தான்.

"இதோ ஏறுகிறேன். அந்திவரை ஓலைக்கு உயிர் இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம் மகாராஜா. ஏறி உட்காரப்போவது நான். கல்வெட்டில் யார் பேர்?"

ராஜா ஓலையைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அவிழ்த்து விடுங்கள் கழுதையை! பிச்சாண்டிக்கு ஒரு சட்டி பணியாரம் கொடுங்கள். டேய், நின்று சாப்பிடு. ஓடினாயோ, துரத்துவேன்!"