மேஜையில் ஏறிய டாக்டரம்மா

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் மீசையை நடுத்தெருவில் வைத்து வழித்துவிடுங்கள். அத்தனையும் சத்தியம்!

"மேடம், சொர்ணத்தாயை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் சீடர்.

சீடர் டாக்டர் இன்னாசி. குரு டாக்டர் கோதைநாயகி, ஆபரேஷன் செய்கிறவர். இருவரில் சீடருக்குத்தான் வயது அதிகம். ஊர் ஊராக ஊசி போட்டுச் சலித்து, மேல்படிப்புக்கு வந்தவர்.

"வயித்துவலி?"

"பொம்பளைங்களுக்கு வயித்துவலி வர ஆயிரம் காரணம் மேடம். அப்பெண்டிக்ஸா இருந்தா ரத்தத்துல வெள்ளை அணு ஏறியிருக்கும், அழற்சியைக் காட்டுற சி.ஆர்.பி. ஏறியிருக்கும். ரெண்டும் ஏறல."

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"ரிப்போர்ட்டைப் பார்த்தேன்."

முகக்கவசத்துக்குள் குரு ஏதோ முனகினார். எழுந்து போனார்.

மத்தியானம் ஆபரேஷன் தியேட்டருக்குச் சீடரைக் கூப்பிட்டார். கையில் இன்னொரு ரிப்போர்ட். பெயர் இருந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு நீட்டினார்.

"இதுவும் ஒரு பெண்தான். என்ன செய்யலாம்?"

சீடர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அடேயப்பா! ரெண்டும் கூரையைப் பிய்க்குதே! மேடம், தாமதிக்கக் கூடாது. அப்பெண்டிக்ஸை உடனே எடுத்தாகணும்."

"நிச்சயமா?"

"ரத்தம் பொய் சொல்லாது மேடம்."

குரு செருப்பைக் கழற்றினார். ஆபரேஷன் மேஜையில் ஏறி மல்லாந்து படுத்தார்.

"வெட்டுங்க."

"மேடம்?"

குரு விரலை எடுத்தார். அவருடைய பெயர்.

முகக்கவசத்தை இறக்கினார். சொத்தைப் பல் சீழ் வைத்து, இடது கன்னம் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. சரி, எலுமிச்சம்பழம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"காலையிலேர்ந்து என்கூடத்தான் இருக்கீங்க" என்றார் குரு.

சீடர் வார்டுக்கு நடந்தார்.

வீட்டுக்குப் போகத் துணிப்பையைக் கட்டிவைத்துவிட்டு, கட்டிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள் சொர்ணத்தாய். சீடர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா ஆரம்பிச்சுது?"

"தொப்புள்கிட்ட சார். இப்போ வலப்பக்கம் அடியில வந்து குத்துது. காலையிலேயே சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க அந்தத் தாளோட பேசிக்கிட்டிருந்தீங்க."

சீடர் அந்த இடத்தில் கையை வைத்து மெல்ல அழுத்தினார். சட்டென்று எடுத்தார்.

அவள் போட்ட சத்தம் தியேட்டர்வரை கேட்டது.

"இடத்தைக் காலி பண்றேன்" என்று மேஜையிலிருந்து இறங்கினார் குரு.

யார் சொன்னதென்று மட்டும் எங்கேயும் மூச்சு விடாதீர்கள். எனக்குக் குடலிறக்கம். வருகிற செவ்வாய்க்கிழமை அதே மேஜையில்தான் படுக்கிறேன்.